மேற்குக் கண்ணாடிக்கு வெள்ளை நெட்

கண் கூசுகிறது என்று சொல்லிக்கொண்டு கடைக்கு வருகிறவர்களிடம் நான் உடனே துணியை எடுத்துப் போடுவதில்லை. ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது, வெளியே மரமா, சுவரா, வெட்டவெளியா, எந்த நேரத்தில் அந்த அறையில் யார் இருப்பார்கள் என்று கேட்பேன். கோவில்பட்டியில் வீடுகளுக்கு ஸ்கிரீன் தைத்துக் கொடுக்க ஆரம்பித்துப் பதினான்கு வருஷம் ஆகிறது. கிழக்கு ஜன்னலுக்கு லேசான துணி போதும். காலை வெயில் பத்து மணிக்குள் மேலே ஏறிவிடும். மேற்கு என்றால் உள்ளே லைனிங் வைத்துத் தைத்த கனத்த துணி, இல்லையென்றால் சுருட்டி மேலே ஏற்றுகிற ரோலர் பிளைண்ட். வேறு ஏதாவது கேட்டு அடம்பிடிக்கிறவர்களிடம் சண்டை போட்டிருக்கிறேன். "வித்தாப் போதும்னு குடுத்துட்டு ஆறு மாசம் கழிச்சு ஒங்க வாயில விழ முடியாதுக்கா" என்று சொல்லி வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதும் உண்டு.

ஒரே ஒரு வீட்டுக்குத்தான் தெரிந்தே தவறான துணியைக் கொடுத்தேன். அதைத்தான் எழுதுகிறேன். வருத்தப்பட்டு எழுதவில்லை.

போன வருஷம் பொங்கல் கழிந்த வாரம் ஒரு பெண் போன் செய்தாள். புது வீடு, பைபாஸ் பக்கம், ஹாலுக்கு ஸ்கிரீன் போட வேண்டும், அளவெடுக்க எப்போது வருவீர்கள் என்று கேட்டாள். சின்னக் குரல், பயந்த குரல். மறுநாள் காலையில் டேப்பையும் சாம்பிள் புத்தகத்தையும் வண்டியில் வைத்துக்கொண்டு போனேன். வீட்டைப் பார்த்ததுமே எனக்குத் திக்கென்றது. ஹாலின் மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. இரண்டு மாடி உயரத்துக்கு ஒரே கண்ணாடி. அதற்கு வெளியே சிமெண்டு ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் மக்காச்சோளம் அறுத்த கரிசல் காடு, அதற்கு அப்பால் அடிவானம் வரை ஒரு மரம் கிடையாது. சென்னைக்காரர் யாரோ வரைந்து கொடுத்த வீடாக இருக்க வேண்டும்.

போன் செய்தவள் அந்த வீட்டு மருமகள். இருபத்தெட்டு, முப்பது வயது இருக்கும். அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபோது மாடிப்படியிலிருந்து அவளுடைய மாமியார் இறங்கி வந்தாள். அறுபது வயது. பட்டுக்கரை போட்ட பருத்திச் சேலை. சாம்பிள் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி வேகமாகப் புரட்டினாள்.

"இதெல்லாம் கம்பளி மாதிரி இருக்கு. எம் மவன் இம்புட்டு ஒசரத்துக்குக் கண்ணாடி வச்சிருக்கான். அதுல கொண்டுபோய்க் கம்பளியத் தொங்கவிட்டா எப்படி? ரோட்டுல போறவனுக்கு உள்ள இருக்கிற லைட்டு, சோபா எல்லாம் தெரியணும்லா."

அந்தத் 'தெரியணும்லா'வில் எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது.

அந்த அம்மாளுக்கு என்னைத் தெரியவில்லை.

இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் தன் தம்பிக்குப் பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தாள். நாங்கள் அப்போது கழுகுமலையில் இருந்தோம். அப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டர், கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் நடுவில் ஒரு நாளைக்கு ஆறு நடை. அவர்கள் தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தீப்பெட்டித் தொழிற்சாலை வைத்திருந்த குடும்பம். தாய் இல்லாத அந்த வீட்டில் மூத்த அக்காதான் எல்லா முடிவும் எடுப்பாள் என்று தரகர் சொல்லியிருந்தார். பங்குனி மாசம், சாயங்காலம் நாலு மணி. எங்கள் முன்னறையில் ஒரே ஜன்னல், அதுவும் மேற்கில். என் அம்மா வெயிலுக்காகத் தன் பழைய மெல்லிய நூல் சேலை ஒன்றை இரண்டாக மடித்து அதில் கட்டியிருந்தாள்.

நான் காப்பித் தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது. அந்த அம்மாள் எழுந்துபோய்ச் சேலையை ஒரு இழு இழுத்தாள். கட்டியிருந்த சணலோடு அது கையில் வந்துவிட்டது.

"இங்கன வந்து உக்காரு. வெளிச்சத்துல முகம் தெரியணும்லா."

நான் ஜன்னலுக்கு நேராக உட்கார்ந்தேன். வெயில் நேரே கண்ணுக்குள் இறங்கியது. குனிந்தால், "தலைய நிமுத்து" என்றாள். நிமிர்ந்தால் கண் தானாக மூடிக்கொண்டது. அவள் என் தாடையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். எனக்குக் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கக் கையைத் தூக்கினேன். "துடைக்காத, மை கலையும்" என்றாள். அவளுடைய தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. அவர்கள் கேசரி, மிக்சர் எல்லாம் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் இருந்தேன்.

அடுத்த வாரம் தரகர் வந்து, பெண்ணுக்குப் பார்வை சரியில்லை, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை, நாளைக்குப் பிள்ளைகளுக்கும் வரும் என்று அவர்கள் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அவர்கள் வேண்டாம் என்று சொன்னதோடு விட்டிருந்தால் நான் மறந்திருப்பேன். அந்த அம்மாள் விடவில்லை. கல்யாண வீடு, காதுகுத்து வீடு என்று போகிற இடத்தில் எல்லாம் பேசியிருக்கிறாள். ஒரு நாள் அப்பா டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்த பஸ்ஸிலேயே, அவர் முன்னாலேயே, இரண்டு பெண்கள், "கழுகுமலையில ஒரு கண்டக்டர் மவளுக்குக் கண்ணு அவிஞ்சுகிட்டே வருதாம்லா" என்று பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அப்பா அவர்களுக்கு மீதிச் சில்லறை கொடுத்திருக்கிறார். அன்றைக்கு ராத்திரி அதை அவர் அம்மாவிடம் சொன்னார். நான் அடுப்படியில் இருந்து கேட்டேன்.

மறுநாள் அப்பா லீவு போட்டு என்னைத் திருநெல்வேலிக்குக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கண்ணில் மருந்து விட்டுப் பார்த்துவிட்டு, எந்தக் குறையும் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை அப்பா என் ஜாதகத்தோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுவைத்தார். அதற்குப் பிறகு வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார் அந்தத் தாளைப் படித்துவிட்டும் நம்பவில்லை. மாப்பிள்ளையின் மாமா எதிர்ச் சுவரைக் காட்டி, "அந்தக் காலண்டர்ல என்ன தேதி போட்டிருக்கும்மா?" என்று கேட்டார். நான் தேதியைச் சொன்னேன். கீழே பொடி எழுத்தில் இருந்த ராகுகாலத்தையும் படித்தேன். அவர்களும் திரும்பி வரவில்லை.

பிறகு நான் பெண் பார்க்க யாரும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டு, புதியம்புத்தூரில் சித்தி வீட்டில் தங்கி ஒரு ரெடிமேட் கம்பெனியில் தையலுக்குச் சேர்ந்தேன். துணி வெட்டக் கற்றதும் அங்கேதான். இருபத்தேழு வயதில், மணியாச்சியில் ரயில்வே வேலையில் இருந்த என் கணவர் வந்தார். எதையும் கேட்கவில்லை. அந்தப் பொம்பளை அப்படிச் செய்ததால்தான் நீ தொழில் கற்றுக் கடை வைத்தாய் என்று என் சித்தி சொல்வதுண்டு. அதைக் கேட்டால் எனக்கு ஆங்காரம் வரும். நான் கற்றதை நான் கற்றேன். அவளுக்கு அதில் பங்கு கிடையாது.

இத்தனையும் அந்தப் புது வீட்டு ஹாலில், கையில் டேப்போடு நிற்கும்போது எனக்குள் ஓடியது. அந்த அம்மாள் சாம்பிள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்குப் போய் வெள்ளை நெட் துணியில் விரலை வைத்தாள்.

"இது. கண்ணாடி முழுக்க இதைப் போட்ருங்க."

மருமகள் மெதுவாக, "வெயில் தாங்குமாக்கா?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஒனக்கு என்ன தெரியும், நீ சும்மா இரு" என்றாள் மாமியார்.

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது எனக்கு மனப்பாடம். வெள்ளை நெட் மேற்கு வெயிலை மறைக்காது. வெயில் துணி முழுக்கப் பரவி, சுவர் முழுக்க டியூப் லைட்டாக எரியும். வெறும் கண்ணாடியாவது பரவாயில்லை, வெயில் விழாத மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். நெட் போட்டால் ஹாலில் எந்த மூலைக்குப் போனாலும் தப்ப முடியாது. அது மட்டுமில்லை, பகலில் ரோட்டில் இருந்து பார்த்தால் நெட்டுக்குப் பின்னால் சோபாவும் தெரியாது, லைட்டும் தெரியாது.

"அம்மா சொல்லுததுதான் பாக்க அழகா இருக்கும்" என்றேன்.

அந்த அம்மாள் மருமகளைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். நான் குனிந்து அளவை எழுதிக்கொண்டேன்.

தை மாசக் கடைசியில் மாட்டினோம். என் கடையில் ராடு மாட்டித் தருகிற அண்ணாச்சி ஏணியில் நின்றுகொண்டு துணியைத் தடவிப் பார்த்தார். "மேக்குப் பக்கம் நெட்டா? என்ன தாயி இது? நீங்களா குடுத்தீங்க?"

"அவிய கேட்டாவ, குடுத்தேன். நீங்க மாட்டுங்க அண்ணாச்சி."

அவர் மாட்டி முடித்தார். இறங்கிவந்து டிரில் மிஷினைப் பைக்குள் வைக்கும்போது மட்டும், "ஒங்க கை இப்படிச் செய்யாதுல்லா" என்றார். தை வெயில் மென்மையானது. அன்றைக்கு ஹால் முழுக்கப் பால் ஊற்றினது போல இருந்தது. அந்த அம்மாளுக்கு ரொம்பச் சந்தோஷம். எனக்கும்தான்.

மாசி பிறந்து வெயில் ஏறியது. மாசிக் கடைசியில் அந்த வீட்டிலிருந்து போன் வர ஆரம்பித்தது. நான் எடுக்கவில்லை. மூன்று, நான்கு நாள் விட்டு மறுபடியும் வரும். எடுக்க மாட்டேன். பங்குனியில் ஒரு நாள் நாலு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு, வேறு ஒரு வேலையும் இல்லாமல், அந்த ரோட்டு வழியாக வண்டியில் போனேன். கண்ணாடிச் சுவர் அப்படியே வெள்ளை வெளேரென்று எரிந்துகொண்டிருந்தது. நெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில், ஆள் உயரத்துக்கு, பச்சைப் போர்வை ஒன்றைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு பக்கம் கிளிப் விட்டுப்போய்த் தொங்கியது. இரண்டு மாடிக் கண்ணாடி வைத்த வீட்டுக்கு ஒரு பழைய போர்வை! வண்டியை நிறுத்திப் பார்த்தேன். வீட்டுக்கு வரும் வழியில் பிள்ளைகளுக்கு முந்திரிக் கொத்து வாங்கிக்கொண்டு போனேன்.

அடுத்த வாரம் மருமகள் வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டாள். எடுத்துவிட்டேன்.

"யக்கா, அத்தைக்குக் கண்ணுல ஆபரேஷன் செஞ்சு ஒன்றரை மாசம் ஆகுது. மூணு மணியானா ஹாலுக்கு வர முடியல. கருப்புக் கண்ணாடி போட்டாலும் கண்ணுல தண்ணி கொட்டுது. மாடி ரூம்ல போயிக் கெடக்காவ. நீங்க வந்து வேற ஏதாச்சும் செஞ்சு குடுங்கக்கா."

அதைக் கேட்டு எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "நாளைக்கு வாரேன். வெயில் விழும்போது பாத்தாத்தான் துணி தெரியும். நாலு மணிக்கு வாரேன், அத்தையவும் ஹால்ல இருக்கச் சொல்லு" என்றேன். அவள் 'சரிக்கா' என்றாள். 

மறுநாள் ஏழு துணி எடுத்துக்கொண்டு போனேன். எது சரியாக வரும் என்று எனக்குக் கடையிலேயே தெரியும். அதை அடியில் வைத்துக்கொண்டேன்.

அந்த அம்மாள் கறுப்புக் கண்ணாடியோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். போர்வையை எடுக்கச் சொன்னேன். நெட்டையும் ஓரமாகத் தள்ளினேன். நாற்காலி ஒன்றை இழுத்துக் கண்ணாடிக்கு நேராகப் போட்டேன்.

"இங்கன வந்து உக்காருங்கம்மா. வெயில் எங்க விழுதுன்னு பாக்கணும்."

வந்து உட்கார்ந்தாள். முதல் துணியை விரித்துப் பிடித்தேன். நிழல் அவள் முகத்தில் விழுந்தது. "கண்ணாடியக் கழத்துங்க. அதப் போட்டுக்கிட்டுப் பாத்தா நெறம் எப்படித் தெரியும்?" கழற்றினாள். மருமகள் வாங்கி வைத்துக்கொண்டாள். நான் துணியை மடித்தேன்.

வெயில் அவள் முகத்தில் அப்படியே அடித்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். நான் நிதானமாக மடித்தேன். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, சுருக்கம் நீவி, புதியம்புத்தூரில் பழக்கியது போல மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்தேன். பிரித்தேன். பிடித்தேன். "இது எப்படி இருக்கு?" என்றேன். "நல்லா இருக்கு, இதையே போட்ருங்க" என்றாள். "எல்லாத்தையும் பாத்துட்டுச் சொல்லுங்க, அவசரம் இல்ல" என்று அதையும் மடித்தேன். மூன்றாவது. நான்காவது. தலையைக் குனிந்தாள். "நிமுந்து பாருங்கம்மா" என்றேன். ஐந்தாவது துணிக்குள் இரண்டு கண்ணிலிருந்தும் நீர் வழிந்து தாடைக்கு வந்துவிட்டது. முந்தானையைத் தூக்கித் துடைக்கப் போனாள். நான் கண்ணாடியை ஒட்டிய பக்கச் சுவரைக் காட்டினேன்.

"அந்தக் காலண்டர்ல என்ன தேதி போட்டிருக்கு, சொல்லுங்க பாப்போம்."

"என்னது?"

"தேதி. என்ன தேதி?"

அவள் கண்ணைத் திறக்க முயன்றாள். முடியவில்லை. "தெரியல" என்றாள். பிறகு குரல் மாறியது. "நீ யாரு? எதுக்கு இதெல்லாம் கேக்க?"

சொன்னேன். கழுகுமலை, கண்டக்டர் வீடு, ஜன்னலில் கட்டியிருந்த சேலை, தாடையைப் பிடித்துத் திருப்பியது, ஊரெல்லாம் சொன்னது, எங்கள் அப்பா பஸ்ஸில் கேட்டது எல்லாவற்றையும் சொன்னேன். இருபத்துமூன்று வருஷமாக மனசுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்த பேச்சு. ஒரு வார்த்தை தடுக்கவில்லை.

அவள் கண்ணை மூடியபடியே கேட்டாள். "கழுகுமலையா? அங்கன ரெண்டு பொண்ணு பாத்தோம். நீ எது? தெப்பக்குளத்துப் பக்கமா, அந்தப் பக்கமா?" கொஞ்சம் யோசித்தாள். "நெனவு இல்லம்மா. எந் தம்பிக்குப் பதினொண்ணு பாத்தோம். எல்லாத்தையும் எப்படி நெனவு வச்சுக்க முடியும்?"

இதற்கு நான் தயாராக இல்லை. அவள் மறுப்பாள், சண்டை போடுவாள், மன்னிப்புக் கேட்பாள் என்றெல்லாம் நினைத்திருந்தேன். என்னை நினைவில்லை என்பாள் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை. எனக்கு அவள் சேலையின் நிறம் வரைக்கும் ஞாபகம் இருந்தது.

"அதுக்காகவா எனக்கு இந்த நெட்டைக் குடுத்த?" என்று அவள் கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

"வெளிச்சத்துல பாக்காம எப்படிம்மா பொண்ணு எடுக்கது?" உண்மையிலேயே தெரியாமல் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். பிறகு கையை நீட்டினாள். "ஏட்டி, கண்ணாடியக் குடு."

மருமகள் கண்ணாடியைக் கையில்தான் வைத்திருந்தாள். உடனே கொடுக்கவில்லை. என்னைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், கண்ணாடியைத் தன் முந்தானையில் நன்றாகத் துடைத்தாள். ஒரு பக்கம் துடைத்து, திருப்பி மறுபக்கமும் துடைத்தாள். அதற்குப் பிறகுதான் கொடுத்தாள்.

நான் பெட்டியை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். மருமகள் வாசல் வரை வந்து, "அந்த அடியில இருந்த சாம்பல் துணிதானக்கா சரியா வரும்?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "ஆமா" என்றேன். "அதையே தச்சுக் குடுங்க. அத்தைகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றாள். தைத்துக் கொடுத்தேன். லைனிங் வைத்து, அடியில் மடிப்புக்குள் கனத்துக்கு நாடா வைத்து, என் கடையில் எல்லோருக்கும் தைப்பது போலத்தான் தைத்தேன். மருமகளுக்காக. மாட்டுவதற்கு நான் போகவில்லை, அண்ணாச்சியை மட்டும் அனுப்பினேன்.

அந்த அம்மாள் சும்மா இருப்பாளா? கண் ஆபரேஷன் செய்தவளை ஸ்கிரீன் கடைக்காரி வெயிலில் உட்காரவைத்து வதைத்தாள் என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவிட்டாள். ஏற்கெனவே அளவு எடுத்திருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்றார்கள். "நம்ம பேரு கெடுதுல்லா தாயி" என்று அண்ணாச்சி கவலைப்பட்டார். என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதோட விட்டியே" என்று மட்டும் சொன்னார். மெச்சினாரா, கண்டித்தாரா என்று இதுவரை எனக்குத் தெரியவில்லை. எனக்கு அந்த இரண்டு வீடுகள் போனது கவலையாக இல்லை. அந்த 'நெனவு இல்லம்மா'தான் முள்ளாக நின்றது. வெட்டும் மேஜையில் நிற்கும்போது, வண்டி ஓட்டும்போது, சோறு வடிக்கும்போது அது வந்து குத்தும். இன்னும் ஒரு தடவை அவளைக் கண்ணாடி முன்னால் உட்கார வைத்தால் என்ன என்றுகூடத் தோன்றும்.

வைகாசியில் ஒரு மத்தியானம், ஐம்பதை ஒட்டிய பெண் ஒருத்தி கடைக்கு வந்தாள். சங்கரன்கோவில் பஸ்ஸில் வந்து இறங்கியதாகச் சொன்னாள். துணி எதையும் பார்க்கவில்லை.

"அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் வீட்டு அம்மாவ வெயில்ல உக்கார வச்சது நீங்கதானா?"

சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "ஆமா, நான்தான். அவிய ஒங்களுக்குச் சொந்தமா?"

"ஆயிருக்க வேண்டியது" என்றாள். "அவிய தம்பிக்கு என்னையும் வந்து பாத்தாவ. நடந்து காட்டச் சொன்னாவ. முற்றத்துல முன்னயும் பின்னயும் மூணு தடவ நடந்தேன். ஒரு காலு இழுக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாவ."

சொல்லிவிட்டு, கைப்பையை மேஜைமேல் வைத்தாள். சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேஜையிலிருந்து வாசல் வரைக்கும் நடந்தாள். வாசலில் திரும்பி, என்னைப் பார்த்தபடி மறுபடியும் மேஜை வரைக்கும் நடந்து வந்தாள்.

"இழுக்கா?"

"இல்லக்கா" என்றேன். இழுக்கவில்லை.

ஸ்டூலை எடுத்துப் போட்டேன். உட்கார்ந்தாள். அண்ணாச்சியிடம் இரண்டு டீ வாங்கிவரச் சொன்னேன். "மொதல்ல இருந்து சொல்லுங்க, ஒண்ணும் விடாம" என்றாள். நெட் துணியில் ஆரம்பித்துச் சொன்னேன். அவள் டீயைக் குடிக்கவில்லை. கண்ணீர் தாடைக்கு வந்த இடத்தில் மட்டும், "வலது கண்ணா, ரெண்டு கண்ணுமா?" என்று கேட்டாள். இரண்டும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள்.

"எத்தனை துணி காட்டுனீங்க?"

"அஞ்சு. ஏழு கொண்டுபோனேன், அஞ்சுலயே நின்னுட்டுது."

டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மிச்சம் ரெண்டையும் காட்டிட்டு யாருன்னு சொல்லியிருக்கலாம்" என்றாள்.

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. காட்டியிருக்கலாம்தான் என்று நானும் நினைத்தேன்.